இறுதியாண்டு கிராஃபிக் டிசைன் செயற்திட்டம்: திருகோணமலைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நான் திருகோணமலையில் ஓர் அச்சகத்தில் டிசைனராக வேலை செய்கிறேன். மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கொழும்பு என்று வெளியூர்களில் டிசைன் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கடைசி வருடம் வந்ததும் பிரிண்ட் எடுக்க இங்கே வருவார்கள். பென் டிரைவோடு சந்தேகங்களும் வரும், ஒவ்வொரு வருடமும் அநேகமாக அதே சந்தேகங்கள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். புள்ளித் திட்டம் இடத்துக்கு இடம் வேறு. உங்கள் கற்கைக் கையேடு வேறு மாதிரிச் சொன்னால் கையேட்டையே கேளுங்கள்.

அக்கா, செயற்திட்டம் எண்டா கடைசியில ஒரு போஸ்டரும் லோகோவும் குடுக்கிறதுதானே?

இல்லை. போஸ்டர் அதில் ஒரு பகுதிதான். பரீட்சகர் முன்னால் வழக்கமாக மூன்று விடயங்கள் இருக்கும்: நீங்கள் செய்த வேலை, அது எப்படி அந்த இடத்துக்கு வந்தது என்று காட்டும் பதிவேடு, பிறகு வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் நீங்கள் வாய் திறந்து சொல்லும் காரணம். போஸ்டர் அழகாக இருந்து மற்ற இரண்டும் வெறுமையாக இருந்தால் புள்ளி வராது.

கடைக்கு வரும் வேலையில் வாடிக்கையாளர் பிரச்சினையைச் சொல்லித் தருவார். இறுதியாண்டில் பிரச்சினையைக் கண்டுபிடிப்பதே உங்கள் வேலை. யார் எதை வாசிக்க முடியாமல், தேட முடியாமல், விளங்க முடியாமல் நிற்கிறார்கள் என்று ஒரே வசனத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வசனம் வராவிட்டால் இலஸ்ட்ரேட்டர் என்ற வரைதல் மென்பொருளைத் திறக்க வேண்டாம்.

என்ன தலைப்பு எடுக்கிறது? ஒண்டும் தோணுதில்ல.

தோன்றும் வரை வீட்டில் இருந்தால் கோணேசர் மலையும் சூரியனும் திமிங்கிலமும்தான் தோன்றும். அந்த மூன்றையும் வைத்து உல்லாசப் பயணிகளுக்கான போஸ்டர் தொகுதி செய்தவர்கள் ஏராளம். அழகான வேலைகளும் அதில் உண்டு. ஆனால் பரீட்சகருக்கு அதில் கேட்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

ஊரில் நடந்து பாருங்கள். பஸ் நிலையத்தில் நேரசூசிப் பலகைக்கு முன்னால் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் எந்தக் கதவு எதற்கு என்று எத்தனை பேர் தாதியிடம் கேட்கிறார்கள்? புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்கா ஆனது. நிலாவெளியில் வள்ளம் ஏறுகிறவருக்கு, முருகைக்கல்லின் மேல் கால் வைக்கக் கூடாது என்ற விடயம் எப்போது, எந்த மொழியில், எந்த வடிவில் போய்ச் சேருகிறது? வள்ளத்தில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் விளங்குகிற மாதிரி ஓர் அட்டை செய்வதே முழுச் செயற்திட்டம் ஆகலாம்.

எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு ஒன்று இருக்கிறது, ஒருவரும் தொடுவதில்லை: ஒருவர் இறந்த பின் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அடிக்கும் நினைவு மலர், நாங்கள் கல்வெட்டு என்று சொல்வது. எங்கள் அச்சகங்களில் இதைப் போல ஓயாமல் நடக்கும் வேலை குறைவு. அடையாள அட்டையில் இருந்து பெருப்பித்த படம், தேவாரம், வம்சாவளி, நன்றி நவிலல். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரும். அந்தப் புத்தகத்தை வீட்டில் எங்கே வைக்கிறார்கள், யார் திரும்ப எடுத்து எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று விசாரித்து ஒரு நல்ல பக்க அமைப்பு செய்து காட்டினால், அதை நாளைக்கே ஓர் அச்சகம் எடுத்துப் பாவிக்கும்.

எழுத்தில் ஆசை உள்ளவர்கள் பழைய கடைப் பலகைகளைப் படம் எடுங்கள். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகுதான் லை, ணை, றா போன்றவை இன்றைய வடிவத்தில் பரவின. அதற்கு முந்திய ‘லை’க்குத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். எங்கள் ஊரின் பெயரே அந்த எழுத்தில்தான் முடிகிறது. எந்தப் பலகையில் எந்த ‘லை’ இருக்கிறது என்று பார்த்துச் சேர்த்தால் ஓர் எழுத்துருவுக்கான விதை கிடைக்கும்.

‘திருகோணமலைக்கு பிராண்டிங்’ எண்டு எடுத்தா பெரிசாத் தெரியுமே, ஏன் வேணாம் எண்டுறீங்க?

யாருக்காகச் செய்கிறீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது என்பதால்தான். மூதூர் மீனவர், கிண்ணியா வியாபாரி, தம்பலகாமத்து விவசாயி, உப்புவெளி ஹோட்டல்காரர் எல்லோருக்கும் பொதுவான ஒரு லோகோவை ஒரு மாணவி தனியாகத் தீர்மானிக்க முடியாது. கடைசியில் மலை, அலை, மான் மூன்றையும் ஒரு வட்டத்துக்குள் போட்டு முடிப்பீர்கள். அதே உழைப்பை கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு வருகிறவர்களுக்கான அறிவித்தல் பலகைகளில் போடுங்கள். ஏழு கிணறு, குளிக்க வரும் குடும்பங்கள், கிரியை செய்ய வருவோர், பார்க்க மட்டும் வருவோர். ஆள் யார் என்று தெரிகிறது, போய்ப் பேசலாம், ஒட்டிப் பார்த்துப் பிழை திருத்தலாம்.

ஆய்வு எண்டா கூகிள் ஃபோர்மில கேள்வி அனுப்பினாக் காணாதா?

காணாது. ஃபோர்மை நிரப்புகிறவர்கள் உங்கள் வகுப்பு நண்பர்கள். ‘பலகை தெளிவாக இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘ஓம்’ என்பார்கள்.

பஸ் நேரசூசியை எடுத்த ஒரு தங்கச்சியின் குறிப்புக் கொப்பியை நான் பார்த்தேன். அவர் கேள்வியே கேட்கவில்லை, பலகைக்குப் பக்கத்தில் நின்று எழுதியிருந்தார். ஒரு வயதானவர் ‘மூதூர்’ என்ற சொல்லில் விரலை வைத்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறார். வரிகள் நெருக்கம். விரல் பாதி வழியில் கீழே இறங்கி, கிண்ணியா பஸ்ஸின் நேரத்தில் போய் நிற்கிறது. அவர் அந்த நேரத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு போய் இருக்கிறார். அடுத்து வந்த பெண் பலகையைப் பார்க்கவே இல்லை, நேரே நேரக்காப்பாளரிடம் போனார். கொப்பியில் விரல் போன பாதையைச் சிவப்புப் பேனாவால் கீறியிருந்தார்.

அந்தச் சிவப்புக் கோட்டில் இருந்துதான் அவருடைய முழு டிசைனும் வந்தது: ஊர்ப் பெயருக்கும் நேரத்துக்கும் இடையில் இருந்த வெற்றிடத்தைக் குறைத்தது, ஒன்றுவிட்டொரு வரிக்கு மெல்லிய நிறம் கொடுத்தது, காலையையும் பின்னேரத்தையும் பிரித்தது. வைவாவில் ‘ஏன் இந்த நிறம்?’ என்று கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம். ஃபோர்மில் வரும் வட்ட வரைபு அப்படிக் கைகொடுக்காது.

பஸ் ரூட்டை லண்டன் ரயில் மேப் மாதிரி நேர் கோடா, வட்டமாக் கீறட்டா?

கீறலாம், ஆனால் இரண்டு கதைகளையும் படித்துவிட்டுக் கீறுங்கள். ஹாரி பெக் 1931இல் வரைந்து 1933இல் அச்சான லண்டன் வரைபடம் தூரத்தையும் வளைவையும் விட்டுவிட்டு நிலையங்களின் ஒழுங்கை மட்டும் காட்டியது. மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். டிசைனர் மசிமோ விக்னெல்லியின் குழு அதே வழியில் 1972இல் நியூயோர்க் சுரங்க ரயிலுக்கு ஒன்று செய்தது. டிசைனர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் நீளமான சென்ட்ரல் பார்க் அதில் சாம்பல் நிறச் சதுரமாக இருந்தது, மேலே உள்ள தெருக்களோடு பொருந்தவில்லை என்று பயணிகள் முறைப்பட்டார்கள். 1979இல் வேறு வரைபடம் வந்தது.

எங்கள் பஸ்களில் போகிறவர்கள் ‘பாலத்துக்கு அங்கால’, ‘கோயிலடி’ என்று அடையாளம் வைத்து இறங்குகிறவர்கள். கடலும் குடாவும் பாலமும் இல்லாத வரைபடம் அவர்களுக்கு உதவுமா என்று ஓர் ஏ4 தாளில் கீறிக் கொண்டுபோய்க் காட்டிப் பாருங்கள். ஒரு பின்னேரத்தில் பதில் தெரிந்துவிடும்.

எத்தனை ஸ்கெட்ச் கீற வேணும்? நேரே கொம்பியூட்டரில செய்தா என்ன?

எண்ணிக்கையைக் கையேடு சொல்லும். நான் சொல்வது, ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருக்கட்டும். ஒரே லோகோவை இருபது தடவை கொஞ்சம் கொஞ்சம் சரித்துக் கீறினால் அது ஒரு ஸ்கெட்ச்தான்.

கணினியில் நேரே தொடங்கினால் முதலாவது யோசனையே முடிந்த வேலை மாதிரித் தெரியும், அதைத் தூக்கி எறிய மனம் வராது. பென்சிலில் கீறியதை எறிவது லேசு. எறிந்தவற்றையும் படம் எடுத்துத் திகதி போட்டு வையுங்கள், ஏன் எறிந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பதிவேட்டில் பரீட்சகர் ஆறுதலாக வாசிக்கும் பக்கங்கள் அவைதான். கடைசி வாரத்தில் இருந்து பின்னோக்கி ‘ஸ்கெட்ச்’ கீறி வருகிறவர்களை எனக்கே தெரிந்துவிடும், பரீட்சகருக்குத் தெரியாமல் இருக்காது.

பின்டரெஸ்டில பாத்துச் செய்தா கொப்பி எண்டு சொல்லுவாங்களா?

பார்ப்பது பிழையில்லை. எங்கே பார்த்தீர்கள், அதில் எதை எடுத்தீர்கள் என்று எழுதாமல் விடுவதுதான் பிழை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை பொதுவாக ஆக்கியவரின் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 70 வருடங்களுக்கும் இருக்கும். கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கு நியாயமான பாவனை என்று சட்டம் இடம் விடுகிறது. ஆனால் இன்னொருவரின் படத்தை உங்கள் போஸ்டரின் நடுவில் வைத்து உங்கள் வேலை என்று சொல்வது அதற்குள் வராது.

இன்னொன்று. பின்டரெஸ்டில் ‘தமிழ் டைப்போகிராஃபி’ என்று தேடினால் வருவதில் பெரும்பகுதி சென்னைச் சினிமாத் தலைப்புகள். நல்ல வேலைகள்தான், ஆனால் அதை மட்டுமே பார்த்தால் உங்கள் கிளினிக் பலகையும் சினிமா போஸ்டர் போலத்தான் வரும்.

இலஸ்ட்ரேட்டரில தமிழ் உடையுது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிக்குது.

எழுத்துருவில் பிழை இல்லை. ‘கொ’ என்று தட்டும்போது கணினி சேமிப்பது க என்ற எழுத்தையும் ஒ என்ற குறியையும்தான். குறியை இரண்டாகப் பிரித்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வசதி சில மென்பொருள்களில் மூடிக் கிடக்கும்.

இலஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ் போய், டைப் பகுதியில் ‘ஷோ இண்டிக் ஒப்ஷன்ஸ்’ என்பதைத் தெரிவு செய்து, பிறகு பேராகிராஃப் மெனுவில் தெற்காசிய கொம்போசரை எடுங்கள். இன்டிசைனில் பேராகிராஃப் மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி பேராகிராஃப் கொம்போசர்’. ஃபோட்டோஷொப்பிலும் டைப் பகுதியில் இதே மாதிரி ஒரு தெரிவு இருக்கிறது. இன்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருள் இலவசம், தமிழைத் தொடக்கத்திலேயே ஒழுங்காகக் காட்டும்.

அச்சகத்துக்குக் கொண்டுவரும்போது எழுத்துகளை அவுட்லைன் (வெறும் வடிவக் கோடுகள்) ஆக்கிய பிரதி ஒன்று, ஆக்காத பிரதி ஒன்று என இரண்டும் கொண்டு வாருங்கள். அவுட்லைன் மட்டும் இருந்தால் ஓர் எழுத்துப் பிழையைக்கூட எங்களால் திருத்த முடியாது.

நான் பாமினியில டைப் பண்ணிட்டன், பரவாயில்லையா?

அச்சுக்கு மட்டும் என்றால் வேலை நடக்கும், எங்கள் நாட்டு அச்சகங்கள் பாமினி என்ற இந்தப் பழைய எழுத்துருவில்தான் வளர்ந்தன. ஆனால் பாமினியில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள், தமிழ் முகம் போட்டவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வாசிக்க முடியாத எழுத்துக் குவியல் வரும். பிடிஎஃப்பில் தேட முடியாது, தொலைபேசியில் வாசிக்க முடியாது. இப்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு முழுவதையும் ஒரு தடவை கண்ணால் வாசியுங்கள்.

எந்தத் தமிழ் எழுத்துரு நல்லம்?

வேலையைப் பொறுத்தது. நீண்ட வாசிப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழ், பலகைக்கும் திரைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, குழந்தைகளுக்கான வேலைக்கு பாலு தம்பி. எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை, அச்சிலும் வர்த்தக வேலையிலும் பாவிக்கலாம்.

எழுத்துருவை விட முக்கியமானது வரி இடைவெளி. தமிழில் ‘கீ’ மேலே எழும்பும், ‘மூ’ கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைக்கும் இடைவெளியை வைத்தால் இரண்டு வரியும் முட்டிக்கொள்ளும். 10 புள்ளி (எழுத்தின் அளவை அளக்கும் பொயின்ற்) எழுத்துக்கு 15, 16 புள்ளி இடைவெளி வைத்துப் பாருங்கள். அதோடு தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சாய்வெழுத்து வழக்கமும் இல்லை. தலைப்பை வேறுபடுத்த உங்களுக்கு இருப்பது அளவு, தடிப்பு, இடம், நிறம். ஆங்கில மாதிரியைப் பார்த்துச் செய்த பக்க அமைப்பு தமிழில் தட்டையாகத் தெரிவதற்குக் காரணம் அநேகமாக இதுதான்.

மூண்டு மொழியும் போடத்தான் வேணுமா? இடமே காணாது.

பொது இடத்துக்கான பலகை என்றால் வேண்டும். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. திருகோணமலையில் மூன்று மொழிக்காரரும் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்பார்கள் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

வழக்கமாக நடப்பது: முதலில் ஆங்கிலத்தில் டிசைன் செய்து முடித்து, மற்ற இரண்டையும் மிஞ்சிய இடத்தில் திணிப்பது. தமிழ் நீளமாக வரும், அதனால் எழுத்தைச் சின்னதாக்கிவிடுவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். மிக நீளமான தமிழ் வசனத்தை முதலில் வைத்து அதற்கு இடம் ஒதுக்குங்கள், மற்றவை தாமாக அடங்கும். ஒரே புள்ளி அளவில் மூன்று மொழியும் ஒரே பெரிதாகத் தெரியாது, ஆகவே எண்ணைப் பார்க்காமல் பத்தடி தள்ளி நின்று கண்ணால் சமப்படுத்துங்கள். சிங்களத்தைக் கட்டாயம் சிங்களம் வாசிக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். கூகிள் மொழிபெயர்ப்பை நேரே ஒட்ட வேண்டாம்.

ஸ்கிரீனில நிலாவெளிக் கடல் பளிச்செண்டு இருக்கு, பிரிண்டில மங்கிப் போகுது. மெஷினில பிழையா?

இயந்திரத்தில் பிழை இல்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு சிஎம்வைகே எனப்படும் நான்கு மையால் (சயன், மஜென்டா, மஞ்சள், கறுப்பு). திரையில் தெரியும் பிரகாசமான நீலங்களில் பலவற்றை சிஎம்வைகே மைகளால் கொடுக்கவே முடியாது. தொடக்கத்திலேயே சிஎம்வைகேயில் வேலை செய்யுங்கள், கடலின் ஒரு துண்டை மட்டும் ஏ4இல் அடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை அடியுங்கள். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மையை மட்டும் 100 வீதம் பாவியுங்கள். நான்கு மையும் சேர்ந்த கறுப்பில் எழுத்தின் விளிம்பு மங்கும்.

கையில எடுக்கிற சின்னப் புத்தகமா அடிக்க எதைக் கவனிக்கிறது?

பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் பிரிபட வேண்டும். நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் ப்ளீட், அதாவது வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் பகுதி. படம் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 படப்புள்ளி). பெரிய ஃபிளெக்ஸுக்கு 100 போதும். ஒப்படைக்கும் நாளுக்கு முதல் நாள் வராதீர்கள்.

சேருக்கு என்ட டிசைன் பிடிக்கேல்ல, மாத்தச் சொல்றார். மாத்தத்தான் வேணுமா?

எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். ‘நீலம் சரியில்லை’ என்றால் நீலத்தில் என்ன பிரச்சினை என்று மரியாதையாகக் கேளுங்கள். மேற்பார்வையாளர்கள் பெரும்பாலும் ஒன்றைச் சரியாக உணர்ந்து, வேறொன்றைச் சொல்லுவார்கள். வாசிக்கக் கஷ்டமாக இருப்பது அவருக்கு நிறப் பிரச்சினையாகத் தெரியலாம்.

நீங்கள் சொல்வது சரி என்று நம்பினால் இரண்டு வடிவத்தையும் அச்சிட்டு, முன்னர் சொன்ன பஸ் நிலையத் தங்கச்சி செய்த மாதிரி, ஆட்கள் முன்னால் வைத்துப் பார்த்துவிட்டு வந்து கதையுங்கள். சேரும் நீங்களும் நேருக்கு நேர் நிற்கத் தேவையில்லை, பார்த்ததை மேசையில் வைத்தால் போதும். அவர் சொன்ன வடிவம் வென்றால் அதையும் பதிவேட்டில் எழுதுங்கள், அது உங்களுக்குத்தான் நல்லது.

ஏஐயில படம் எடுத்துப் போட்டாக் கண்டுபிடிப்பாங்களா?

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: எதற்குப் பாவித்தேன் என்று வெளிப்படையாக எழுத முடியுமா? முடிந்தால், கையேடும் அனுமதித்தால் பாவியுங்கள். யோசனை பிடிக்க, கண்காட்சிக் காட்சியை மாதிரிக்குப் பார்க்க உதவும். ஆனால் ஏஐ தரும் தமிழ் எழுத்தில் சுழியும் காலும் அடிக்கடி மாறிப்போகும். ‘கோணேஸ்வரம்’ என்று கேட்டால் தென்னிந்தியக் கோபுரம் ஒன்று வரும், எங்கள் கோயில் நிற்கும் சுவாமிப் பாறை வராது. நேரில் போய் எடுத்த படம் உங்களிடம் இருக்கும்போது அது எதற்கு? போகும்போது ஒன்று: பிரெட்றிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, கமெராவைத் தூக்க முதல் அனுமதி கேளுங்கள்.

என்ட அம்மம்மா சுனாமியில போனவ. அவவின்ட கதையைச் செயற்திட்டமா எடுக்கலாமா?

எடுக்கலாம். 2004 டிசம்பர் 26 எங்கள் கரையில் இல்லாத வீடு குறைவு, அதைப் பற்றி எங்கள் பிள்ளைகள் செய்த டிசைன் வேலை இன்னும் குறைவு. ஆனால் முதலில் அம்மாவிடம் கேளுங்கள், மாமாமாரிடம் கேளுங்கள். படம், கடிதம், குரல் எது சுவரில் தொங்கலாம், எது வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அவர்கள் தீர்மானிக்கட்டும். ஒருவர் வேண்டாம் என்றால் அந்தப் படம் வேண்டாம். யுத்தத்தில் இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பற்றிய வேலைக்கும் இதுவேதான், இன்னும் கவனமாக.

அலையைக் கீற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எல்லோரும் அலையைத்தான் கீறுகிறார்கள். அவ பாவித்த பொருட்கள், அவ எழுதிய கடைக் கணக்கு, அவ சமையல் சொன்ன விதம் என்று அவவுக்கு மட்டுமே உரிய ஒன்றில் இருந்து தொடங்குங்கள். மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வைவாவில் உடைந்துபோய் நின்றால் கொஞ்சம் நேரம் தருவதற்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளை, என்ட மகள் இவ்வளவு படிச்சிட்டு நோட்டிஸ் அடிக்கிற கடையிலயா வேலை செய்யப் போறா?

இதைக் கேட்பது அப்பாமார். ஐயா, நான் அந்தக் கடையில்தான் இருக்கிறேன், சந்தோஷமாக இருக்கிறேன். மகளுக்கு வேறு வழிகளும் உண்டு: விளம்பர நிறுவனம், பத்திரிகை, செயலி வடிவமைப்பு, வீட்டில் இருந்தே வெளிநாட்டு வேலை, கற்பித்தல். எதற்குப் போனாலும் முதலில் கேட்பது அவ செய்த வேலைகளின் தொகுப்பை. அதில் முன்னுக்கு வைக்கக்கூடியது இந்த இறுதியாண்டு வேலைதான். பிரிண்டுக்கும் பஸ்ஸுக்கும் கேட்கிற காசை இந்த வருடம் மட்டும் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

வைவாவில என்ன கேட்பாங்க?

ஏன் இது, ஏன் இப்படி, யாரிடம் காட்டினாய், எது சரிவரவில்லை. கடைசிக் கேள்விக்கு ‘எல்லாம் சரிவந்தது’ என்று சொல்ல வேண்டாம். உங்கள் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று தெரிந்து வையுங்கள், தேடிப் புரட்டினால் பதட்டம் கூடும். அறிக்கை ஆங்கிலத்தில் என்றாலும் முதலில் தமிழில் சொல்லிப் பழகுங்கள். காரணம் தெளிவாக இருந்தால் மொழி பின்னால் வரும்.

எல்லாம் முடிஞ்சுது, நல்ல புள்ளியும் வந்திட்டுது. இனி அந்தப் பலகையை என்ன செய்யிறது?

யாருக்காகச் செய்தீர்களோ அவர்களிடம் கொண்டுபோய்க் கேளுங்கள், ஆனால் பலகையை மட்டும் கொடுக்க வேண்டாம். பஸ் நேரம் மாறும். மாறும் நாளில் உங்கள் இலஸ்ட்ரேட்டர் கோப்பைத் திறக்க அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஒரு மாதத்தில் மேலே வெள்ளைத் தாள் ஒட்டி மார்க்கரில் எழுதிவிடுவார்கள்.

ஆகவே நேரங்கள் வரும் பகுதியைத் தனித் தனிக் கீற்றுகளாக, கழற்றி மாற்றக்கூடிய விதத்தில் அமையுங்கள். அதே அமைப்பை சாதாரண வேர்ட் கோப்பில், இலவச எழுத்துருவோடு செய்து கொடுங்கள். எழுத்துருக் கோப்பையும் கூடவே வையுங்கள். நேரக்காப்பாளரைப் பக்கத்தில் இருத்தி, ஒரு நேரத்தை அவர் கையாலேயே மாற்றி, எங்களிடமோ பக்கத்துக் கடையிலோ பிரிண்ட் எடுக்கச் செய்து பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் கோப்பை இன்னும் ஒருமுறை திருத்த வேண்டியிருக்கும்.